கோகிலவாணியின் கரகரப்பு

பயந்துக்காதீங்க, எனக்கு ஒண்ணுமில்லீங்க. பாட்டில் தண்ணிக்குள்ள ஸ்ட்ராவை விட்டுக்கிட்டு ஒருத்தி ‘ஊஊ’ன்னு ஊதிக்கிட்டு வர்றா, பக்கத்துல வேற உக்காந்துட்டமேன்னுதானே பார்க்கறீங்க? கண்டக்டரும் இப்பத்தான் அப்படிப் பார்த்துட்டுப் போனாரு. இது தொண்டைக்குப் பயிற்சிங்க. சும்மா ஊதக் கூடாது, ஊதறப்பவே உள்ளுக்குள்ள ராகமா இழுக்கணும். தண்ணி கொப்புளம் கொப்புளமா வரும். தொண்டைக்கு உள்ளார இருக்கற சதைக்கு ஒத்தடம் குடுக்கற மாதிரின்னு வெச்சுக்கங்களேன்.

மிட்டாயா? ஐயோ வேண்டாங்க. தப்பா நினைச்சுக்காதீங்க. புதினா மிட்டாய் நான் தொடறதில்லை. அது தொண்டையை மரக்க வெச்சுருமாம். அப்புறம் வலிச்சாலும் தெரியாது. வலி தெரியணுங்க. அதைக் கண்டுக்காம விட்டுத்தான் நான் மாட்டினதே.

நான் பாட்டுப் பாடறேனுங்க. பாட்டுன்னா நீங்க நினைக்கற பாட்டு இல்லை. ராக். கித்தார், டிரம்ஸெல்லாம் வெச்சுக்கிட்டு, கரகரன்னு, தொண்டையே கிழியற மாதிரி பாடுவாங்கல்ல, அது. சிரிங்க, சிரிங்க. இந்தக் காட்டன் சேலையும் டிபன் பையும் பார்த்தா யாருக்கும் சிரிப்புத்தான் வரும். எனக்கு நாப்பத்தி நாலு வயசு. பேரு கோகிலவாணி. குயில் குரல்காரின்னு அர்த்தம். எங்கப்பா வெச்சது. பொறந்த புள்ளை அழுததை வெச்சு அவருக்கு அப்படித் தோணியிருக்குது.

வண்டி நின்னுருச்சு பாருங்க. ஒண்டிப்புதூர் பாலம் வந்தா இதே ரோதனை. எனக்குச் சும்மா உக்காந்திருக்க வராதுங்க, ஏதாச்சும் பேசிக்கிட்டே இருக்கணும். நீங்க எங்க எறங்கணும்? சுங்கமா? அப்ப நேரமிருக்குது. நீங்க டீச்சரா? பையைப் பார்த்தாலே தெரியுது. அப்ப உங்களுக்கும் தொண்டைதான் சோறு போடுது. எனக்கும் அப்படித்தான்.

நான் கஸ்டமர் கேர்ல இருக்கறேன். ஒரு இன்டர்நெட் கம்பெனி, பேரு எதுக்கு. உங்க வீட்ல நெட் வரலைன்னா நீங்க போன் போடுவீங்கல்ல, ஒண்ணை அமுக்கு ரெண்டை அமுக்குன்னு மெஷின் சொல்லி, பாட்டுப் போட்டு, உங்களுக்குப் பொறுமையெல்லாம் போனதுக்கப்புறம் ஒரு பொம்பளை வந்து “வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?”னு கேப்பாள்ல? அவதான் நான். என்ற குரல் அதுக்குன்னே செஞ்ச மாதிரிங்க. பாயசத்துல ஊறப் போட்ட குரல்னு டீம் லீடர் சுதர்சன் சொல்லுவாரு. திட்டிக்கிட்டே வந்தவங்களும் என்ற குரலைக் கேட்டா ஒரு நிமிசம் நிறுத்துவாங்க. நிறுத்திட்டு மறுபடி திட்டுவாங்க. என்னென்ன பேச்சுங்கறீங்க. பஸ்ஸுல சொல்ற மாதிரி இல்லை. எல்லாத்துக்கும் நான், “உங்க சிரமத்துக்கு வருந்தறேன் சார்.” சிரிச்சுக்கிட்டேதான் சொல்லணும். சிரிப்பு குரல்ல கேக்கணுமாம், ரெக்கார்டிங்கைப் போட்டுப் பார்ப்பாங்க.

எனக்குக் கோபமே வராதுங்க. சத்தியமா. அது ஒரு வரம்னு வெச்சுக்கங்க. ஆபீஸ்ல எல்லாப் புள்ளைகளும் போன் கால் முடிஞ்சா ஹெட்போனைக் கழட்டி வீசுவாங்க, பாத்ரூம்ல போய் அழுவாங்க. நான் அடுத்த காலை எடுத்துருவேன்.

அப்புறம் எப்படி ராக்குன்னு கேக்கறீங்க. சொல்றேன்.

ஒரு ஞாயித்துக்கிழமை, மகள் லீவுக்கு வந்திருந்தா. சேலத்துல காலேஜ் படிக்கறா. மால் போலாம்னு கூட்டிட்டுப் போனா. அங்க கீழ மேடை போட்டு ஒரு பேண்ட் பாடிக்கிட்டு இருந்துச்சு. ஒல்லியா ஒரு புள்ளை. காத்தடிச்சா விழுந்துருவா. நானும் ஐஸ்கிரீமை வெச்சுக்கிட்டு சும்மாதான் நின்னேன். மெதுவா ஆரம்பிச்சா. திடீர்னு குரல் மாறுச்சு பாருங்க, புதுக் காடாத்துணியை நாலு பேர் பிடிச்சுக் கிழிச்ச மாதிரி. ஐஸ்கிரீம் உருகி முழங்கை வரைக்கும் ஒழுகுது, எனக்குத் தெரியலை. “அம்மா, சேலை, சேலை”ங்கறா மகள். நான் நகரவே இல்லை.

முடிஞ்சதும் நேரா அந்தப் புள்ளைகிட்டப் போனேன். “கண்ணு, இப்படிக் கத்தறியே, தொண்டை வலிக்காதா?”

அவ சிரிச்சுக்கிட்டே, “கத்தலை அக்கா. கத்தற மாதிரிக் கேக்க வெக்கறேன். வலிச்சா தப்பாப் பாடறோம்னு அர்த்தம்”னா.

அவதான் ஐரின். சிங்காநல்லூர்ல ஒரு பேக்கரிக்கு மாடியில ரூம் எடுத்துப் பாட்டுச் சொல்லித் தர்றா. என்ற மகளைவிட நாலஞ்சு வயசு கூட இருப்பா, அவ்வளவுதான். அடுத்த வாரமே போய் நின்னுட்டேன். ஆபீஸ் விட்டு வர்ற வழிதானே. ஒரு டைம்பாஸுக்குத்தானுங்க. வேற ஒண்ணும் காரணமில்லை. எல்லாரும் கேக்கறாங்க, ஏன் ஏன்னு. ஒருத்தர் கோலம் கத்துக்கறாங்க, ஒருத்தர் கார் ஓட்டக் கத்துக்கறாங்க, யாரும் ஏன்னு கேக்கறதில்லை.

போன முதல் நாளே நான் மேடையில நிக்கற மாதிரி நினைச்சுக்கிட்டுப் போனேன். அந்தப் புள்ளை என்னைத் தரையில படுக்கச் சொல்றா! வயித்து மேல ஒரு தலகாணியை வெச்சு, மூச்சு விடுங்க, தலகாணி ஏறி எறங்குதா பாருங்கங்கறா. அப்புறம் இந்த ஸ்ட்ரா. அப்புறம் காலையில தூங்கி எந்திரிச்சதும் ‘ங்ர்ர்ர்’னு ஒரு சத்தம் தொண்டையில வருமே, பழைய கதவு தொறக்கற மாதிரி, அதை மெதுவா, மெதுவா பண்ணச் சொல்றா. கரகரப்பு எப்பம்மா வரும்னு கேட்டா, “முதல்ல சுத்தமாப் பாடணும் அக்கா. சுத்தமான குரலு மேல தூவறதுதான் கரகரப்பு. அடியில குரலே இல்லாம வெறும் கரகரப்பை இழுத்தா அது தொண்டையைச் சுரண்டறது”ன்னா.

நீங்களே சொல்லுங்க, எத்தனை நாளைக்குத்தான் ஒரு மனுசி தண்ணியில ஊதிக்கிட்டு இருக்கறது?

அவகிட்டச் சட்டம் வேற நிறைய. நிறையத் தண்ணி குடிக்கணும். கொஞ்ச நேரந்தான் பண்ணணும், அப்புறம் ஓய்வு. காத்தை ஜாஸ்தித் தள்ளக் கூடாது. சத்தத்தை மைக் பார்த்துக்கும், நீங்க பார்க்காதீங்கம்பா. தொண்டையில குறுகுறுங்குதா, இருமல் வருதா, வலிக்குதா, அப்பவே நிறுத்திரணும். முடிச்சதும், சன்னமா, மேல் சுருதியில ஒரு ‘ஊ’ பாடிப் பார்க்கணும். அது பிசிறில்லாம வந்தா எல்லாம் நல்லா இருக்குதுன்னு அர்த்தம். வரலைன்னா அன்னைக்கு அவ்வளவுதான், பேசாம வீட்டுக்குப் போயிரணும். “சளி புடிச்சிருந்தா கிளாஸுக்கே வராதீங்க.” அப்படி ஒரு கண்டிசன்.

ஒரு நாள் கேக்கறா, “அக்கா, ஆபீஸ்ல பேசறது சரி, வீட்ல கத்துவீங்களா?”

“நானா? என்ற வீட்ல யாரு கத்தறா”ன்னேன்.

“சாயங்காலம் வர்றதைவிட லீவு நாள் காலையில வர்றப்ப உங்க குரல் மோசமா இருக்குது. ராத்திரியெல்லாம் கத்தின மாதிரி.”

என்ன பேச்சு பாருங்க. என்ற வீட்ல இருக்கறதே நாங்க ரெண்டு பேரு. மகள் ஹாஸ்டல்ல. என்ற வீட்டுக்காரர் லேத் பட்டறை வெச்சிருக்கறாரு, சூலூர்ல, வீட்டை ஒட்டியே. தெய்வசிகாமணி இண்டஸ்ட்ரீஸ்னு போர்டு பெருசா இருக்கும், உள்ளார மூணு மெஷின். சாயங்காலம் வந்தார்னா டிவியை ஊருக்கே கேக்கற மாதிரி வெச்சுக்கிட்டு உக்காந்துருவாரு. நான் சமையல்கட்டுல இருந்து ஏதாச்சும் சொல்லணும்னா கொஞ்சம் குரலை உசத்தித்தான் சொல்லணும். அதெல்லாம் கத்தறதாங்க? எல்லா வீட்லயும் அப்படித்தானே. சொன்னாலும் அவரு “ம்”முங்கறதோட சரி. தக்காளி இல்லைன்னாலும் “ம்”. உங்க தங்கச்சி வந்திருக்கறான்னாலும் “ம்”. பாட்டுக் கிளாஸ் போறேன்னேன், அதுக்கும் ஒரு “ம்”. நல்லதாப் போச்சுன்னு நானும் விட்டுட்டேன்.

அப்படி இருக்கறப்பத்தான் எங்க ஆபீஸ்ல ஆண்டு விழா வந்துச்சு. வருசா வருசம் கடவுள் வாழ்த்து நான்தான். பட்டுச்சேலை கட்டிக்கிட்டு, கையைக் கட்டிக்கிட்டு, பாயசக் குரல்ல பாடிட்டு எறங்கிருவேன். அந்த வருசம் சுதர்சன் வந்து, “மேடம், வழக்கம்போல”ன்னாரு. எனக்கு எங்கிருந்து வந்துச்சோ, “சார், இந்தத் தடவை இன்னொரு பாட்டும் பாடறேன். ராக்”னு சொல்லிட்டேன். சுத்தி இருந்த புள்ளைகளெல்லாம் ஓன்னு கத்துச்சுங்க. சுதர்சன் நம்பலை. “நீங்களா?”ன்னாரு.

“ஏன், நான் பாடக் கூடாதா?”

“இல்லை மேடம், உங்களுக்கு அது... உங்க முகத்துக்கு...”

முகத்துக்கும் தொண்டைக்கும் என்ன சம்பந்தம் சொல்லுங்க.

ஐரின்கிட்டச் சொன்னா அவ ஒத்துக்கவே இல்லை. “இன்னும் நாலஞ்சு மாசம் போகட்டும் அக்கா. இப்ப உங்களுக்கு வர்றது கழுத்து நரம்புல இருந்து வருது, அது ஆபத்து”ங்கறா. நான் தலையை ஆட்டிட்டு வந்துட்டேன். ஆனா உள்ளுக்குள்ள ஒரே குடைச்சல். ராத்திரி தூக்கம் வரலை. காலை ஆட்டிக்கிட்டே படுத்திருப்பேன். ஆபீஸ்ல போன் கால் எடுக்கறப்பக்கூட, “உங்க சிரமத்துக்கு”ன்னு ஆரம்பிச்சு, அதைக் கரகரன்னு சொன்னா எப்படி இருக்கும்னு நினைப்பு ஓடுது.

வீட்ல பாடிப் பழகலாம்னா அக்கம்பக்கம் என்ன நினைப்பாங்க. அப்பத்தான் பட்டறை ஞாபகம் வந்துச்சு. ஞாயித்துக்கிழமை ஆளுங்க வரமாட்டாங்க. அவசர ஆர்டர் ஏதாச்சும் இருந்தா இவரு மட்டும் ஒரு மெஷினை ஓட்டிக்கிட்டு இருப்பாரு. அந்தச் சத்தத்துல யாருக்கு என்ன கேக்கப் போவுது? பின்னாடி இரும்புச் சுருள் குவிச்சு வெச்சிருக்கற மூலையில போய் நின்னுக்கிட்டேன். மெஷின் ஓடுது. அவரு முதுகைக் காட்டிக்கிட்டு நிக்கறாரு. நான் ஆரம்பிச்சேன்.

மெதுவாவெல்லாம் இல்லைங்க. வாயைத் தொறந்து, அடிவயித்துல இருந்து, இருக்கற காத்தெல்லாம் ஒட்டுக்காத் தள்ளி. அன்னைக்கு எனக்குக் கரகரப்பு வந்துச்சு பாருங்க! அப்படி ஒரு சத்தம். எனக்கே மயிர்க்கூச்செடுத்துச்சு. தொண்டை குறுகுறுன்னுச்சு, கண்டுக்கலை. இருமல் வந்துச்சு, இருமிட்டு மறுபடி கத்தினேன். எரிஞ்சுது. எரியட்டும்னு விட்டுட்டேன். அவரு ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கலை. திரும்பிப் பார்க்கக் கூடாதுன்னுதானே அங்க போனது, அப்புறம் என்ன? ஆனா அவரு திரும்பாம இருக்க இருக்க நான் இன்னும் ஜாஸ்தியாக் கத்தினேன். ஏன்னு கேட்டா எனக்குச் சொல்லத் தெரியலை. முடிக்கறப்ப வாயில இரும்பு ருசி. பட்டறைத் தூசின்னு நினைச்சுக்கிட்டேன்.

மறுநாள் காலையில எந்திரிச்சு “காப்பி வேணுமா”ன்னு கேக்கறேன். காத்துத்தான் வருது. குரலே இல்லைங்க. சுத்தமா இல்லை. உங்களுக்கு எப்பவாச்சும் அப்படி ஆயிருக்குதா? வீட்டுக்குள்ள படி எறங்கறோம், திடீர்னு ஒரு படி இல்லாத மாதிரி.

டாக்டர் மூக்கு வழியா ஒரு மெல்லிசான டியூபை விட்டு, டிவில காட்டினாரு. தொண்டைக்குள்ள ரெண்டு வெள்ளைப் பட்டை இருக்கணுமாம். எனக்கு ரெண்டும் செவசெவன்னு வீங்கிக் கிடக்குது, ஒரு பக்கம் ரத்தம் கட்டி இருக்குது. “இன்னும் ரெண்டு தடவை இப்படிப் பண்ணியிருந்தா ஆபரேசன் வரைக்கும் போயிருக்கும்மா. பேசக் கூடாது. கிசுகிசுன்னும் பேசக் கூடாது, அது இன்னும் கெடுதல். நான் சொல்ற வரைக்கும் வாயைத் தொறக்காதீங்க.”

சுதர்சன் மூஞ்சி போன போக்கைப் பார்க்கணுமே. என்னைத் தூக்கி மெயிலுக்குப் பதில் போடற பக்கம் உக்கார வெச்சாங்க. எனக்கு முதுகுக்குப் பின்னாடியே பேசறாங்க, “குரல் திரும்பலைன்னா அவங்களை வெச்சு என்ன பண்றது, அடுத்த மாசம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும்”னு. வாய்தானே போச்சு, காது போகலையே எனக்கு. ஆண்டு விழால புதுசா வந்த ஒரு புள்ளை கடவுள் வாழ்த்துப் பாடினா. நல்லாத்தான் பாடினா. நான் மூணாவது வரிசையில உக்காந்து கையைத் தட்டினேன். எல்லாரையும்விட ஜாஸ்தியாத் தட்டினேன்.

அதை விடுங்க. வீட்ல நடந்ததைச் சொல்றேன், உங்களுக்குச் சிரிப்பு வரும். நான் பேசலைங்கறதை என்ற வீட்டுக்காரர் கண்டுபிடிக்க ஒரு நாள் பூரா ஆச்சுங்க. காலையில காப்பி குடுத்தேன், குடிச்சாரு. உப்புமா வெச்சேன், சாப்பிட்டாரு. சாயங்காலம் வந்தாரு, டிவி போட்டாரு. நான் எதிர்லயே உக்காந்திருக்கறேன். நடுவுல ஒரு தடவை, நான் ஒண்ணுமே சொல்லாததுக்கு, “ம்”ங்கறாரு! மறுநாள்தான் என்ற மூஞ்சியைப் பார்த்துட்டு, “என்ன, உம்முனு இருக்கறே?”ன்னாரு. போன்ல டைப் பண்ணிக் காட்டினேன், தொண்டை போச்சு, பேசக் கூடாதுன்னு. படிச்சுட்டு, “ஏன் நேத்தே சொல்லலை?”ங்கறாரு. சிரிப்பு வருதா? எனக்கும் வந்துச்சு. சிரிக்கவும் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருந்தாரு, அதனால சிரிக்கலை. போய்ப் பாத்திரம் விளக்கினேன். ஒரு டம்ளர் நெளிஞ்சு போச்சு, அது பழசு.

குரல் மெல்ல மெல்லத் திரும்புச்சு. டாக்டர் பார்த்துட்டுச் சரின்னாரு. நேரா ஐரின்கிட்டப் போனேன். அவ ஆறுதல் சொல்லுவான்னு நினைச்சா, அவ கண்ணுல தண்ணி. கோபம்.

“நான் சொன்னதுல எது அக்கா உங்களுக்குப் புரியலை?”

“அவசரப்பட்டுட்டேன் கண்ணு.”

“அவசரம் இல்லை. உங்களுக்குக் கரகரப்பாப் பாடணுமா, இல்லை கத்தணுமா? ரெண்டும் வேற. பாடணும்னா என்கிட்ட வாங்க. கத்தணும்னா யாரைப் பார்த்துக் கத்தணுமோ அவங்ககிட்டப் போய்க் கத்துங்க. உங்க தொண்டை உங்களுக்கு என்ன பண்ணுச்சு?”

நான் யாரைப் பார்த்துக் கத்தணும்? எனக்கு யார் மேலயும் கோபமே கிடையாதே. அவ சின்னப் புள்ளை, ஏதோ பேசறா. ஆனா கிளாஸுக்கு மட்டும் ஒழுங்காப் போனேன். ஊதச் சொன்னா ஊதினேன். படுக்கச் சொன்னாப் படுத்தேன்.

ஒரு நாள் கேட்டா, “அக்கா, கேஸ் சிலிண்டரைத் தூக்கறப்ப தொண்டையில என்ன ஆகுது?”

“முக்குவேன்.”

“இப்பச் சிலிண்டர் இல்லாம முக்குங்க. லேசா.”

‘ம்க்’குன்னு ஒண்ணு வந்துச்சு. பாரம் தூக்கறப்ப தொண்டைக்கு மேலாப்புல, உள்ளார, ஒரு கதவு சாத்தற மாதிரி இருக்குதுல்ல? நீங்களும் பண்ணிப் பாருங்க. இங்க வேண்டாம், வீட்ல போய். அந்தக் கதவை முழுசாச் சாத்தாம, ஒருக்களிச்ச மாதிரி விட்டுட்டு, அதுக்குக் கீழ சாதாரணமா, பேசற சத்தத்துல பாடணும். அங்க உரசறதுதான் கரகரப்பு. அடியில இருக்கற பட்டை ரெண்டும் அதுபாட்டுக்குச் சுத்தமா வேலை செய்யணும். வாரக்கணக்கா ஒண்ணும் வரலைங்க. வந்தா இருமல், இல்லைன்னா வெறும் காத்து. அவ, “நிறுத்துங்க, தண்ணி குடிங்க, நாளைக்கு.” எப்பப் பார்த்தாலும் நாளைக்கு. எனக்கு ஓடிப்போய்க் கீழ பேக்கரிக்காரன் தட்டையெல்லாம் தள்ளிவிடணும் போல இருக்கும்.

அப்புறம் ஒரு சாயங்காலம், நான் எதிர்பார்க்கவே இல்லை, ‘ஆ’ன்னு இழுத்துக்கிட்டே இருக்கறப்ப, அரிசி களையற மாதிரி ஒரு சத்தம் குரலு மேல வந்து ஒட்டுச்சு. வலி இல்லை. எரிச்சல் இல்லை. பெருசாவும் இல்லை. பட்டறையில வந்த மாதிரி பூதம் இல்லை அது, சின்னது. நான் நிறுத்திட்டு ஐரினைப் பார்த்தேன். அவ வாயில கையை வெச்சுக்கிட்டு நிக்கறா. “மேல் ‘ஊ’ பாடிப் பாருங்க”ன்னா. பாடினேன். பிசிறே இல்லை. ரெண்டு பேரும் கீழ எறங்கிப் போய் ஆளுக்கு ஒரு தேங்காய் பன் சாப்பிட்டோம்.

அதுக்கப்புறந்தான் பாட்டு எழுதினேன். ஆமாங்க, நானே. மத்தவங்க பாட்டை எத்தனை நாள் பாடறது? நெட் வராம போன் போடற ஆள் பாடற மாதிரி எழுதினேன். நான் இந்தப் பக்கம் இருக்கறவ, எனக்கு ஏன் அந்தப் பக்கத்து ஆளாட்டம் வந்துச்சுன்னு தெரியலை. மெதுவாச் சொல்றேன், கேளுங்க:

‘பேரைச் சொன்னேன், ஊரைச் சொன்னேன்,
பட்ட பாட்டைச் சொன்னேன்,
ஒண்ணை அமுக்கி, ரெண்டை அமுக்கி,
ஒன்பதையும் அமுக்கிட்டேன்,
மனுசன் யாராச்சும் கேக்கறீங்களா?’

அதுக்கப்புறம் டிரம்ஸ் டம்முனு விழும். அப்பக் கரகரப்பு: ‘காத்திருக்கவும்! காத்திருக்கவும்!’ அவ்வளவுதான் பல்லவி. ஐரினோட பேண்டு பசங்க கேட்டுட்டு எந்திரிச்சு நின்னுட்டாங்க.

போன சனிக்கிழமை சாயங்காலம் அந்தப் பேக்கரி மொட்டை மாடியில நிகழ்ச்சி. ஆபீஸ் புள்ளைகளெல்லாம் வந்திருந்துச்சுங்க. சுதர்சனும் வந்தாரு. கான்ட்ராக்டைப் புதுப்பிச்சுட்டாங்க, அதைச் சொல்ல மறந்துட்டேன். மகள் வர முடியலைன்னுட்டா, பரிட்சை. என்ற வீட்டுக்காரர்கிட்ட வாங்கன்னு சொன்னேன், வழக்கம்போல “ம்”. அது வர்றேங்கற ‘ம்’மா, சும்மா ‘ம்’மான்னு யாருக்குத் தெரியும். பார்த்தா, பட்டறையில இருந்து அப்படியே, நகக்கண்ணுல கிரீஸோட வந்து ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்துல நிக்கறாரு.

பாடினேனுங்க. மெதுவா ஆரம்பிச்சு, முதல் ‘காத்திருக்கவும்’ வந்தப்ப நம்ம ஆபீஸ் கூட்டம் ஒரு நொடி அப்படியே வாயைப் பொளந்துச்சு. அப்புறம் விழுந்து விழுந்து சிரிச்சுதுங்க, கத்துச்சுங்க. ரெண்டாவது தடவை இன்னும் நல்லா வந்துச்சு. எனக்குள்ள பறக்குது. நடுவுல ஒரு இடம் டிரம்ஸை நிறுத்திட்டு, வெறும் கித்தார் மட்டும், நான் சன்னமாப் பாடணும். ‘நான் இங்கதான் இருக்கறேன், லைன்லதான் இருக்கறேன்’னு. அதையும் பாடினேன். கடைசிப் பல்லவி வருது. மூச்செடுக்கறேன். தொண்டையில குறுகுறுங்குது.

என்ன பண்ணுவீங்க? மேடையில நிக்கறீங்க. எல்லாரும் பார்க்கறாங்க. அந்த ஒரு வரிக்காக எத்தனை மாசம் தண்ணியில ஊதியிருக்கறேன். கத்திரலாம், ஒரே ஒரு தடவை, என்ன ஆயிரப் போவுதுன்னு மனசு குதிக்குது. ஐரின் கித்தாரைப் புடிச்சுக்கிட்டு என்னையே பார்க்கறா. டிரம்ஸ் டம்முனு விழுந்துச்சு. நான் வாயை மூடிக்கிட்டேன். மைக்கைக் கூட்டத்தைப் பார்த்து நீட்டிட்டேன்.

அவ்வளவுதானுங்க. தினமும் ஹெட்போனை மாட்டிக்கிட்டு, சிரிச்சுக்கிட்டே, ‘தயவுசெய்து காத்திருக்கவும்’னு சொல்லிச் சொல்லித் தேஞ்ச புள்ளைக அத்தனையும் ஒட்டுக்கா எந்திரிச்சு, “காத்திருக்கவும்!”னு ஒரு கத்து கத்துச்சுங்க பாருங்க! திருச்சி ரோட்டுல போறவங்க வண்டியை நிறுத்திட்டு மேல பார்க்கறாங்க. சுதர்சன் பிளாஸ்டிக் சேர் மேல ஏறி நின்னு, டையைக் கழட்டிச் சுத்தறாரு. ஒருத்தி அழுதுக்கிட்டே கத்தறா. நான் மைக்கைப் புடிச்சுக்கிட்டு சும்மா நிக்கறேன். எறங்கினதும் படிக்கட்டுல நின்னு மேல் ‘ஊ’ பாடிப் பார்த்தேன். சன்னமா, நூலாட்டம் வந்துச்சு.

கீழ டீ வாங்கிக்கிட்டு இவரு பக்கத்துல போய் நின்னேன். ஒண்ணும் சொல்லமாட்டாருன்னு தெரியும். ஆனா அவராவே, “அந்தக் கரகரன்னு பாடினே பாரு, அது நல்லாக் கேட்டுச்சு”ன்னாரு. அப்புறம் டீயை ஒரு வாய் குடிச்சுட்டு, “நடுவுல என்ன, பாடாம வாயை மட்டும் அசைச்சே? மறந்துட்டியா?”ங்கறாரு.

“பாடினேனே, மெதுவா.”

“அப்படியா. எனக்குக் கேக்கலையே. ஸ்பீக்கர்கிட்டத்தான் நின்னேன்.”

அவரு டீ கிளாஸையே பார்த்துக்கிட்டுச் சொல்றாரு. “ரொம்ப நாளா அப்படித்தான் இருக்குது. மெஷின் சத்தம். நீ பேசறது பாதி கேக்கறதில்லை. மூஞ்சியைப் பார்த்து, சுமாரா, ம்-னு சொல்லிக்குவேன்.”

“ஏன் சொல்லலை?”

“சொன்னா பட்டறையை மூடச் சொல்லுவே.”

எனக்குக் கோபம் வந்துச்சுங்க. அந்தப் பேக்கரி வாசல்ல, அத்தனை பேரு சிரிச்சுக்கிட்டு நிக்கறப்ப, உள்ளங்கால்ல இருந்து ஏறுச்சு. இத்தனை வருசம் சமையல்கட்டுல இருந்து நான் சொன்னது, கேட்டது, கெஞ்சினது எல்லாம் எங்க போச்சு? நான் அவரு கண்ணைப் பார்த்து நின்னுக்கிட்டு, கத்தாம, அவருக்கு உதடு தெரியற மாதிரி, ஒவ்வொரு வார்த்தையா, “எனக்கு உங்க மேல ரொம்பக் கோபம்”னு சொன்னேன். சாதாரணச் சத்தத்துலதான் சொன்னேன். அவருக்குப் புரிஞ்சுது. “ம்”முங்கலை. தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அப்புறம் என்ற கையில இருந்த காலி கிளாஸை வாங்கிட்டுப் போய்க் கழுவற இடத்துல வெச்சுட்டு வந்தாரு. கல்யாணமாகி இத்தனை வருசத்துல அப்படி ஒண்ணு பண்ணினதில்லைங்க.

வண்டி எப்ப நகர்ந்துச்சுன்னே தெரியலை பாருங்க. பேச்சுல சிங்காநல்லூரே தாண்டிட்டோம். ராமநாதபுரத்துல ஒரு காது டாக்டர் இருக்கறாராம், நல்லாப் பார்ப்பாருங்கறாங்க. அங்கதான் போறோம். ஆமாங்க, அவரும் வந்திருக்கறாரு. அந்த முன்னாடி சீட்டு, நீலச் சட்டை, கண்ணாடியில தலையைச் சாய்ச்சுக்கிட்டு வர்றாரே, அவருதான். ஏறினப்ப ஒட்டுக்கா எடம் கிடைக்கலை. காதுக்கு மெஷின் வெக்கணும்னு சொன்னா வெக்க மாட்டேங்கறாரு, நான் பேசிப் பார்த்துக்கறேன். அந்த மெதுவான இடத்தை அவரு ஒரு தடவையாச்சும் கேக்கணுங்க, அது என்ற பாட்டுலயே நல்ல இடம்.

அடுத்தது எங்க ஸ்டாப்புங்க. இல்லையில்லை, நீங்க கூப்பிடாதீங்க, கேக்காது. இங்கிருந்து நான் கத்தினாலும் கேக்காது. கொஞ்சம் காலை ஒதுக்கிக்கங்க, போய் அவரு தோளைத் தொட்டுக்கறேன்.